மலைமேல் நாற்பத்தொரு காலைகள்

நேஸ்பி,
திங்கட்கிழமை, 5 மார்ச் 1984.

மதிப்பிற்குரிய திருமதி நோலா பெட்ரி அவர்களுக்கு,

தங்களுக்கு நான் கடைசியாக எழுதியது 18 ஆகஸ்ட் 1975 அன்று. அது இரங்கல் கடிதம். பதில் வரவில்லை, வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இம்முறை பதில் தேவைப்படுவதால்தான் தங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

நமது ஒளிவேதியியல் நிலையம் வரும் அக்டோபர் முதல் தேதியன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அதையொட்டி ஒரு வரலாற்று மலர் வெளிவர இருக்கிறது. நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், நாட்களைச் சரியாக நினைவில் வைத்திருப்பவன் என்ற காரணத்தால் வாரியத்தார் அதை எழுதும் பணியை என்னிடம் ஒப்படைத்துள்ளனர். அதன் 61ஆம் பக்கத்தில் தங்கள் கணவர் லாக்லன், ஹாக்டன் மலைமுகட்டில் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் அடுக்கிக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை வெளியிட விரும்புகிறேன். படத்தின் பின்புறம் 'நோலா எடுத்தது, டிசம்பர் 74' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் அச்சிடுவது முறையன்று.

அந்தப் பக்கத்தின் தட்டச்சுப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மார்ச் 31க்குள் பதில் கிடைத்தால் நலம்.

தங்கள் உண்மையுள்ள,
மெர்வின் ஹால்க்ரோ


பிளஃப்.

டாக்டர் ஹால்க்ரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிப்பி உடைக்கும் கொட்டகையில் தேநீர் இடைவேளையில் படித்தேன். பருவம் தொடங்கிவிட்டது, நாள் முழுக்கக் கத்தியும் சிப்பியுமாக நிற்கிறோம். பக்கத்தில் இருந்த மெரேபெகா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இந்த ஆளு? கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்காரு" என்றாள். "என் வீட்டுக்காரரோட பெரிய அதிகாரி" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். லாக்லன் எப்படிப் போனார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். திரும்ப எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் மறந்திருந்தால்: 'மலைமுகட்டில் 1974–75 கோடையில் எடுக்கப்பட்ட நாற்பத்தொரு அளவீடுகள், அளவெடுத்தவர் கரைசலைக் கையாண்ட விதம் ஐயத்துக்குரியதாக இருந்தமையால், கணக்கில் சேர்க்கப்படவில்லை.'

இதே வாக்கியம்தான் 1975 அறிக்கையிலும் வந்தது. அவரைப் புதைத்த மண் காய்வதற்குள் வந்தது. அதன் ஒரு பிரதியை யாரோ புண்ணியவான் என் மாமியாருக்கு அனுப்பி வைத்தார். எஃபி பெட்ரி, வயது எண்பத்தொன்று, கோர் ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "எம்புள்ள மேல தப்பு இல்லன்னு எங்கயாவது ஒரு தாள்ல எழுதி வரட்டும் நோலா. அப்புறம் நான் கண்ண மூடுறேன்" என்பார். இப்போது அதே வாக்கியம் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தில், படத்தோடு வந்தால் என்ன சொல்வேன்?

எடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

நோலா பெட்ரி


நேஸ்பி,
திங்கட்கிழமை, 2 ஏப்ரல் 1984.

மதிப்பிற்குரிய திருமதி பெட்ரி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு மார்ச் 26 என்று என் கோப்பில் குறித்துக்கொண்டேன்.

தங்கள் மாமியாரின் நிலை என்னை வருத்துகிறது. ஆயினும் வருத்தம் ஓர் அளவீட்டைத் திருத்துவதில்லை. நான் அந்த வாக்கியத்தை எழுதியதற்கான காரணத்தைத் தாங்கள் அறிந்துகொள்வது நியாயம் என்பதால் விளக்குகிறேன்.

நாங்கள் பயன்படுத்திய இரும்பு ஆக்சலேட் கரைசல் ஒளியை உண்டு மாறுகிற பொருள். தன்மீது எவ்வளவு ஒளி விழுகிறதோ அவ்வளவுக்கு அது மாறும். பின்னர் ஆய்வகத்தில் மற்றொரு பொருளைச் சேர்க்கும்போது தோன்றும் சிவப்பின் அழுத்தத்தைக் கொண்டு, விழுந்த ஒளியைக் கணக்கிடலாம். ஆகவே அதைச் சிவப்பு விளக்கின் கீழ்தான் தயாரிக்கவேண்டும். கறுப்புத் துணியில் சுற்றித்தான் மலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். குறித்த அரைமணி நேரம் மட்டும் வெயிலில் வைத்து, மறுபடி சுற்றிவிடவேண்டும். தீக்குச்சி வெளிச்சம்கூட அதில் பதிவாகிவிடும். வானின் மேலடுக்கில் ஓசோனைச் சூரிய ஒளி எவ்விதம் உடைக்கிறது என்னும் எங்கள் கணக்கு முழுவதும், இந்தக் குழாய்களின் நேர்மையைச் சார்ந்திருந்தது.

அந்தந்த நேரத்தில் சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதைக் கொண்டு, எவ்வளவு ஒளி விழுந்திருக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். லாக்லனின் நாற்பத்தொரு அளவீடுகளும் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தன. சூரியன் தன்னிடம் இல்லாத ஒளியைத் தராது. எனவே, மிகுதி ஒளி வேறு வழியில் உள்ளே சென்றிருக்கவேண்டும். அதாவது, கறுப்புத் துணி திறந்திருந்திருக்கவேண்டும்.

சொல்லத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. 12 ஆகஸ்ட் 1975 செவ்வாயன்று மலையில் குளிர்காலப் பனிக்கடியில் அவரது உடலைக் கண்டெடுத்தபோது அவரது பையில் ஒன்பது குழாய்கள் உடையாமல் இருந்தன. ஆகஸ்ட் 14 அன்று நானே அவற்றை அளந்தேன். கணக்குக்கும் அவற்றுக்கும் இடையே நூற்றுக்கு இரண்டு பங்குகூட வேறுபாடு இல்லை. கவனமாக இருந்தபோது அவரால் சரியாகச் செய்ய முடிந்தது என்பதையே அது காட்டுகிறது. அப்படியானால் கோடையில் அவர் கவனமாக இல்லை. வேறு முடிவுக்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

தங்களிடம் அவருடைய குறிப்புகள் ஏதேனும் இருந்தால் அனுப்புங்கள். பார்க்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மெ. ஹால்க்ரோ


பிளஃப்,
ஞாயிறு, ஏப்ரல் 15, 1984, மாலை நான்கு மணி பத்து நிமிடம். போதுமா?

டாக்டர் ஹால்க்ரோ,

குறிப்பு என்று என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நீங்கள்தான் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனீர்களே. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

லாக்லன் கவனக்குறைவானவர்தான். மறைக்க மாட்டேன். ஒரு காலுறை ஒரு நிறம், மறு காலுறை வேறு நிறம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கோடை முழுக்க எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததே இல்லை. கோடை நேரம் என்று சொல்லி நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்களே, அந்த வருடம். இவர் மட்டும் கைக்கடிகாரத்தை மாற்றச் சோம்பல்பட்டுக்கொண்டு அப்படியே திரிந்தார். ராத்திரிச் சாப்பாடு ஆறுமணிக்கு என்றால் ஏழுக்கு வருவார்.

என் தங்கை கல்யாணம், ஜனவரி 18, ரான்ஃபர்லி தேவாலயத்தில் மதியம் இரண்டு மணிக்கு. மூன்று மணிக்கு வந்தார், மலையிலிருந்து நேராக. எல்லாரும் வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எஃபி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மணி என்னடா ஆகுது?"

"ரெண்டும்மா. இந்தா பாரு." கையை நீட்டிக் காட்டுகிறார்.

"ஊரே மாத்தி வச்சாச்சு, நீ இன்னும் மாத்தலயா?"

"சூரியன் இன்னும் மாத்தலயேம்மா. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்துறேன்."

"பொண்டாட்டியோட தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குச் சூரியனா வந்து பந்தி போடும்? போடா, போய் மாப்பிள்ளகிட்ட மன்னிப்புக் கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தங்கையின் கல்யாணப் படங்களில் எதிலும் என் கணவர் இல்லை.

இது வீட்டு லாக்லன். மலை லாக்லன் வேறு ஆள். இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல அந்தக் குழாய்களைத் தூக்குவார். மேலே தங்கும் குடிசையில் துணி முடிச்சை மூன்று தடவை தடவிப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார். அங்கே நான்கு நாள் இருந்தால் நான்கு நாளும் சிகரெட் கிடையாது. "ஒரே ஒரு தீக்குச்சி போதும் நோலா, நாப்பது நாள் ஒழைப்பு போயிரும்" என்பார். நீங்கள் எழுதியிருக்கும் அதே தீக்குச்சி.

அந்தத் துணி திறந்திருக்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நோலா


நேஸ்பி,
செவ்வாய்க்கிழமை, 24 ஏப்ரல் 1984.

மதிப்பிற்குரிய திருமதி பெட்ரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஏப்ரல் 18 அன்று கிடைத்தது. ஆறு நாட்கள் தாமதித்ததற்கு மன்னிக்கவும். அது என் வழக்கமன்று.

மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். நினைவு தெளிவாக இல்லையென்றால் 'தெரியாது' என்று எழுதுங்கள், யூகித்து எழுதவேண்டாம்.

3 நவம்பர் 1974 ஞாயிறு முதல் 23 பிப்ரவரி 1975 ஞாயிறு வரை, லாக்லன் தம் கைக்கடிகாரத்தை ஒருநாளாவது கோடை நேரத்துக்கு மாற்றி வைத்ததுண்டா? மலைக்குச் செல்லும்போது கட்டிச்சென்றது அதே கடிகாரம்தானா? குடிசையில் வேறு கடிகாரம் எதுவும் இருந்ததா?

காரணத்தை இப்போது கூற இயலாத நிலையில் இருக்கிறேன்.

மெ. ஹால்க்ரோ


பிளஃப்,
மே 3.

டாக்டர் ஹால்க்ரோ,

என்ன கேள்வி இது? கேட்டதால் சொல்கிறேன்.

மாற்றவே இல்லை. அவரிடம் இருந்தது ஒரே கடிகாரம், அவர் அப்பாவுடையது. தூங்கும்போதும் கழற்ற மாட்டார். குடிசையில் கடிகாரம் கிடையாது. ஒரு வானொலிப் பெட்டி இருந்தது, அதில் எலி குடியிருந்தது.

யூகமில்லை, நிச்சயம். ஏனென்றால், கோடை நேரம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இவர் ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் கையை நீட்டி, "பாத்தீங்களா? நான் நவுரவே இல்ல. கடைசில நாடே எங்கிட்டத் திரும்பி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஆட்டுக்கறியைக் கருகவிட்டார்.

அந்த வாக்கியத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எஃபிக்கு இந்த மாதம் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியிருக்கிறது.

நோலா


நேஸ்பி,
திங்கட்கிழமை, 21 மே 1984.

திருமதி பெட்ரி அவர்களுக்கு,

இக்கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. அழகாக இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

1 நவம்பர் 1974 வெள்ளியன்று, கோடை நேரம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் நான் ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன். அரசு கடிகாரத்தை எப்படி மாற்றினாலும், இந்நிலையத்தில் எல்லாப் பதிவுகளும் பழைய நேரத்திலேயே இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நவம்பர் 5, செவ்வாய், காலை பத்தே காலுக்கு நடைகூடத்தில் லாக்லன் என்னை எதிர்கொண்டார். "என்ன டாக்டர், எங்களுக்குச் சுற்றறிக்கை வந்துருச்சு. சூரியனுக்கு ஒரு நகல் அனுப்பிட்டீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். என் ஆணையை அவர் பொருட்படுத்தப்போவதில்லை என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டேன்.

1975 மார்ச் மாதம் அவருடைய குறிப்பேடு என் மேசைக்கு வந்தது. நாற்பத்தொரு காலை, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. எந்த நேரம், பழையதா புதியதா, என்று குறிக்கப்படவில்லை. கேலி செய்தவன் ஊர்க் கடிகாரத்தைத்தான் பார்த்து எழுதியிருப்பான் என்று எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணி நேரத்தைக் கழித்தேன். அவர் அறை என் அறையிலிருந்து பதினான்கு அடி. நான் எழுந்து சென்று கேட்கவில்லை.

அவர் என் ஆணையை ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். தங்கள் தங்கையின் திருமணத்திலும், தங்கள் வீட்டு உணவு மேசையிலும்கூடக் கடைப்பிடித்திருக்கிறார். அவர் எழுதிய ஒன்பதரை மணி உண்மையான ஒன்பதரை. நான் அதை எட்டரை ஆக்கினேன். எட்டரை மணிச் சூரியன் தாழ்வானது, ஒளி குறைவு. ஒன்பதரை மணி வெயிலை எட்டரை மணிக் கணக்கோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகத்தான் தெரியும். அவற்றுள் ஒரே ஓர் அளவீடு பிற்பகலில் எடுக்கப்பட்டிருந்தால், அது மாறாகக் குறைவாகத் தோன்றி, கல்லூரி மாணவனுக்குக்கூட என் பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் அம்முகட்டில் நண்பகலுக்குப் பின் வடமேற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்துவிடும். ஆகவே எல்லாம் காலைகள்.

கழித்த மணி நேரத்தைத் திரும்பச் சேர்த்து, நாற்பத்தொன்றையும் மே 7 முதல் 16 வரை மறுபடி கணக்கிட்டேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. என் பணிக்காலத்தில் இவ்வளவு தூய்மையான அளவீடுகளை நான் கண்டதில்லை.

இனி, தாங்கள் அறியாதது ஒன்று. 7 ஆகஸ்ட் 1975 வியாழனன்று பிற்பகல் அவர் என் அறைக்கு வந்தார். அறிக்கை அந்த மாத இறுதியில் அச்சுக்குப் போவதாக இருந்தது.

"நான் துணியத் தெறக்கவே இல்ல டாக்டர்."

"அப்ப வெளிச்சம் எப்படிப்பா உள்ள போச்சு? கதவத் தட்டிட்டுப் போச்சா?"

அவர் கதவு வரை சென்று திரும்பினார். பின்பு, "மறுபடி போறேன். இப்பவே போறேன். அது சரியா வந்தா நம்புவீங்களா?" என்றார்.

"இந்தப் பனியிலயா? ஒன் இஷ்டம். ஒழுங்கா எடுத்துட்டு வா, நம்புறேன்."

நான் தடுக்கவில்லை. ஆகஸ்ட் குளிர்காலம், கோடை நேரம் கிடையாது. கழிப்பதற்கு மணி நேரம் இல்லாததால் அந்த ஒன்பது குழாய்களும் சரியாக வந்தன. அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். நம்புகிறேன் என்று சொன்னதையும் நிறைவேற்றவில்லை.

61ஆம் பக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மெர்வின் ஹால்க்ரோ


பிளஃப்,
ஜூன் 17, ஞாயிறு.

டாக்டர் ஹால்க்ரோ,

மூன்று வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. திட்டி எழுதலாம் என்று உட்காருவேன். திட்டு வராது.

உங்கள் கடிதம் வந்த அன்று மெரேபெகா, "என்னடி, ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டாள். "ஒத்துக்கிட்டாரு" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொட்டகையில் நாலு பேர் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே நின்றேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றை நானும் சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவர் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். "நீயாவது சொல்லு நோலா, நான் கவனமில்லாம செஞ்சிருப்பேனா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு கல்யாணத்துக்கு நேரத்தோட வரத் துப்பில்ல. அந்த ஆளு சொல்றதுல என்ன தப்பு? போ, போயி இந்தத் தடவயாவது ஒழுங்கா எடுத்துட்டு வா."

அவர் பூட்ஸ் முடிச்சை இறுக்கினார். வேடிக்கையாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லாமல் போய்விட்டார்.

துணி திறந்திருக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது உண்மை. நான் போன இரண்டு தடவையும் திறந்திருக்கவில்லை. போகாத மற்ற நாட்களைப் பற்றி எனக்குள் நம்பிக்கை இருந்ததில்லை. இந்த ஒன்பது வருடமும் உள்ளுக்குள் நான் நினைத்தது இதுதான்: ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார், ஆனால் அதைச் சரிபண்ணத்தான் மேலே போனார், சரிபண்ணியும் விட்டார், அந்த ஒன்பது குழாய் சரியாக இருந்தது என்று நிலையத்து ஆட்கள் அப்போதே சொன்னார்கள். தப்பைத் திருத்தப் போன மனிதன் செத்துப்போனான். அதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்திருக்க முடிந்தது, வேலைக்குப் போக முடிந்தது.

இப்போது நீங்கள் வந்து, திருத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். முதல் தடவையே எல்லாம் சரி. அந்த மலையில் அவருக்கு வேலையே இல்லை. நான்தானே அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்தால் அதற்கடியில் இது இருக்கும் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

சரி. இனி அரைகுறையாக வேண்டாம். முழுக்க அச்சடியுங்கள். சுற்றறிக்கை, நீங்கள் கழித்த மணி நேரம், கேட்காமல் விட்டது, நாற்பத்தொரு காலையும் சரி என்பது, அவர் பெயர், எல்லாம். சீக்கிரம். எஃபி சளியிலிருந்து எழுந்துவிட்டார், ஆனால் பாதி உடம்பாக எழுந்திருக்கிறார்.

நோலா


நேஸ்பி,
திங்கட்கிழமை, 16 ஜூலை 1984.

திருமதி பெட்ரி அவர்களுக்கு,

நடந்ததை வரிசையாகக் கூறுகிறேன்; வேறு விதமாகக் கூற எனக்குத் தெரியாது.

புதிய 61ஆம் பக்கத்தை, தாங்கள் கேட்டவாறே ஒன்றையும் மறைக்காமல் எழுதி, ஜூன் 25 அன்று வாரியத்துக்கு அளித்தேன். ஜூலை 11, புதன்கிழமை, அவர்கள் கூடினர். என்னையும் அழைத்திருந்தனர். தலைவர் என்னைவிட இருபது வயது இளையவர். நான் பணியில் சேர்த்துக்கொண்டவர்.

"மெர்வின், இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும் சொல்லுங்க? குழாயும் கரைசலும் வச்சு இப்ப யாரு அளக்குறா? செயற்கைக்கோள் மேலருந்தே எல்லாத்தையும் பாத்துருது."

"ஒரு ஆள் செத்திருக்கான்" என்றேன்.

"அதனாலதாங்க சொல்றேன். விழா மலர்ல போயி சாவும் சண்டையும் எதுக்கு? இந்த வயசுல உங்க பேர நீங்களே ஏன் கெடுத்துக்கிறீங்க?"

"கெட்டது என் பேர் இல்ல. அவன் பேர்."

"அவரு பேரத்தான் அந்த வாக்கியத்தோட சேத்து எடுத்துரப் போறோமே. இனிமே யாரும் அவரப் பத்தித் தப்பா ஒரு வார்த்த படிக்க முடியாது. அதத்தான அவரு வீட்டம்மாவும் கேட்டாங்க?"

பக்கம் முழுவதும் நீக்கப்பட்டது. புகைப்படமும் நீக்கப்பட்டது. 62 இனி 61. மலரில் அந்த வாக்கியம் இல்லை. லாக்லன் பெட்ரி என்ற பெயரும் எங்கும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் அந்நிலையத்தில் பணிபுரிந்ததாகவே தெரியாது.

நூலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி அன்றே எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டனர்.

இன்னொரு வழியும் முயன்றேன். மே 28 அன்றே வெலிங்டனில் உள்ள ஆய்விதழ் ஒன்றுக்கு நாற்பத்தொரு அளவீடுகளையும் என் பிழையின் விளக்கத்தோடு அனுப்பியிருந்தேன். ஜூலை 13 அன்று திரும்பி வந்தது. ஆசிரியரின் கடிதம் மரியாதையாகவே இருந்தது. வெளியிடப்பட்ட ஒன்றில் பிழை இருந்தால்தான் திருத்தம் வெளியிட முடியும். இந்த அளவீடுகள் எந்நாளும் வெளியிடப்படவே இல்லை. ஆகவே திருத்துவதற்கு ஏதுமில்லை என்கிறார். நான் சேர்க்காமல் விட்டதால் வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாததால் நான் செய்ததைத் திருத்த முடியாது. அவரது தருக்கத்தில் பிழை காண என்னால் இயலவில்லை.

என்னிடம் எஞ்சியிருப்பது என் கையொப்பம் ஒன்றே. தங்கள் மாமியாருக்கு ஒரு தனிக் கடிதம் தட்டச்சு செய்து, தேதியிட்டு, கையெழுத்திட்டு இணைத்துள்ளேன். அதில் அவர் மகன்மீது எந்தத் தவறும் இல்லை என்றும், தவறு முழுவதும் என்னுடையது என்றும் எழுதியிருக்கிறது. அது அச்சிட்ட தாள் அன்று. அதற்கு மேல் பயனுள்ளது எதையும் செய்யக்கூடிய நிலையில் நான் இல்லை. புகைப்படத்தைத் திருப்பி அனுப்பியுள்ளேன்.

மன்னிப்பு என்ற சொல்லைச் சென்ற கடிதத்தில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். கேட்க உரிமையில்லாததைக் கேட்பது தங்கள்மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

மெர்வின் ஹால்க்ரோ


பிளஃப்,
ஆகஸ்ட் 6, 1984.

டாக்டர் ஹால்க்ரோ,

நேற்று கோருக்குப் போனேன். உங்கள் கடிதத்தை எஃபிக்குப் படித்துக் காட்டினேன். புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய இடத்துக் கடிதம் என்று மட்டும் சொன்னேன். காது மந்தமாகிவிட்டதால் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. கூடத்தில் இருந்த மற்ற கிழவிகளும் கேட்டார்கள்.

"இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கானா?"

"போட்டிருக்காரு அத்தை. இந்தா, இங்க."

விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரியிடம், "கேட்டியா? எம்புள்ள மேல தப்பே இல்லயாம். டாக்டரே எழுதியிருக்காரு" என்றார். முகம் அப்படி இருந்து நான் பார்த்து வருடங்கள் ஆகின்றன. இது போதும் என்று நினைத்தேன். எழுந்துவிடலாம் என்று கோட்டை எடுத்தேன்.

"நோலா, இரு. அப்ப அவன் மொதல்ல எடுத்ததே சரியா இருந்துச்சா?"

"ஆமா அத்தை."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"அப்புறம் எதுக்குடி அந்தப் பனில மறுபடி மேல போனான்?"

நான் கோட்டை மாட்டிப் பொத்தானைப் போட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் சத்தமாகக் கேட்டார். "எதுக்குப் போனான்? யாரு போகச் சொன்னா? சரியா இருந்தா வீட்டுல இருக்க வேண்டியதுதான? யாருமே அவன்கிட்டச் சொல்லலயா? நீ கூடவா சொல்லல?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பேருந்து வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதமும் கேட்பார். இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று நீங்கள் யோசித்து எழுதிவிடாதீர்கள். இனிமேல் எழுதவே வேண்டாம்.

நோலா